ஓமத் தண்ணீரும் ஒரு சாவியும்

பிள்ளை பெற்றவளைத் தண்ணீர் குடிக்க விடாமல் செய்வது இந்த ஆஸ்பத்திரிதான்.

அக்காவுக்கு சிசேரியன். இன்னும் காற்றுப் பிரியவில்லை. வயிறு கல் மாதிரி இருக்கிறது.

அவள் மாமியார் கோலியனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, பிளாஸ்க்கில் ஓமத் தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, தண்ணி நெறைய குடிச்சிக்கினு நடக்கணும். அப்பதான் காத்துப் பிரியும்," என்றார் நர்ஸ்.

அவர் நகர்ந்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள். "குடிச்சா போவணும்லடி. அந்தக் கக்கூஸ்ல எப்படிக் குந்துறது? தையல் பிச்சிக்கும்."

"நம்ம வார்டே விரதம் இருக்குதுக்கா," என்று சிரிக்கப் போன பக்கத்துக் கட்டில் பெண், வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

வராண்டா கோடியில் நாற்காலி மாதிரி உட்காரும் கழிவறை ஒன்று இருக்கிறது. அதில் பூட்டு தொங்குகிறது. நர்ஸிடம் கேட்டேன்.

"அது டாக்டருங்களுக்கு."

"டாக்டருங்க வயித்துலயா தையல் போட்டிருக்கு? சாவியக் குடுங்க சிஸ்டர்."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். டம்ளரில் ஊற்றிய ஓமத் தண்ணீர் அப்படியே ஆறிக் கிடக்கிறது.

சீரகம், பூண்டு, வெந்நீர் எல்லாம் எங்களுக்கும் தெரியும். இந்தப் பதிவின் கமெண்டில் வைத்தியம் சொல்ல வருகிறவர்கள், முதலில் அந்தச் சாவியை வாங்கிக் கொடுங்கள்.