மருந்துப்பால் கண்டுபிடித்த அய்யாதுரை

“தெரியாதுங்கிற சொல்லு இந்த வாயிலருந்து இதுவரைக்கும் வந்ததில்ல, இனியும் வராது. வேணும்னா எளுதி வச்சுக்கோங்க” என்று அய்யாதுரை சொன்னபோது கம்பெனி வேன் நாரணாபுரம் விலக்கில் திரும்பிக்கொண்டிருந்தது. வேனுக்குள் இருந்த பெண்கள் யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எல்லோர் மடியிலும் தூக்குச்சட்டி இருந்தது, கை காலியில்லை. ஆனாலும் அதை வாய்வீச்சு என்று எவரும் நினைக்கவில்லை. பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருந்த அய்யாதுரை, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியே முப்பத்தாறு வயதை எட்டியவர் என்பது ஊரறிந்த செய்தி. பதில் சரியாக இருந்ததா என்பது வேறு இலாகா.

காரியாபட்டியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்டார்கள். அய்யாதுரை கையை நீட்டிச் சொன்னார். ஒரு வேன் நிறைய ஆட்கள் போய் இறங்கி, முன்பின் பார்த்திராத ஒரு மாப்பிள்ளையை வாழ்த்தி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்பினார்கள். “சாப்பாடு நல்லாருந்துச்சா இல்லையா? அதச் சொல்லுங்க மொதல்ல” என்று அவர் கேட்டார். நன்றாகத்தான் இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. விருதுநகர் ஜங்ஷனுக்கு ரயில் வரும் நேரத்தை அவரிடம் கேட்டுக்கொண்டு போய், வெறும் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு. அதற்கு ரயில்வேதான் பொறுப்பு.

அவருடைய புகழுக்கு வீட்டிலேயே உரம் போட்டு வளர்த்தவள் மனைவி பானுப்பிரியா. அதே கம்பெனியில் புஸ்வாணப் பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிறவள். அவரைவிட வெகு இளையவள். வெளிக்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதானாலும் “ஏங்க, இது எப்படிங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போடுவாள். கல்யாணமாகிச் சில வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, கோயில் கோயிலாகப் போய், இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் சித்திரையில் அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. எழில் என்று பெயர் வைத்தார்கள்.

முதல் மூன்று மாதம் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. காரணம், பானுப்பிரியா தாய்வீட்டில் இருந்தாள்; அய்யாதுரையிடம் யாரும் ஆலோசனை கேட்கவில்லை.

ஆடி பிறந்ததும் தீபாவளி ஆர்டர் குவிந்தது. சீசன் நேரத்தில் மருந்து அடைக்கத் தெரிந்த கை சும்மா இருக்கக்கூடாது என்று அய்யாதுரை போய் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு பாலம்மாள் ஒப்புக்கொண்டாள். அவள் வீட்டிலிருந்தபடியே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவள். அய்யாதுரைக்கு மதினி முறை.

முதல் நாள் வேலை முடிந்து பானுப்பிரியா வந்தபோது அலுமினியப் பொடி அப்பி, கையும் முகமும் சேலையும் வெள்ளித்தகடு போல மின்னின. தொட்டிலில் பிள்ளை வீறிட்டது. தூக்கி மடியில் போட்டவள், வழக்கப்படி ஒரு வார்த்தை கேட்டாள்.

“ஏங்க, இம்புட்டு மருந்துல கெடந்துட்டு வந்து பால் குடுக்கலாமாங்க?”

அவள் கேட்காமல் கொடுத்திருந்தால் இந்த வரலாறு இங்கேயே சுபமாக முடிந்திருக்கும்.

அய்யாதுரை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அலுமினியப் பொடியில ஈரம் பட்டா என்ன ஆகும்?”

“சூடேறும்.”

“சூடேறுனா?”

“வெடிக்கும்.”

“நாள் பூரா மூக்கு வளியா உள்ள போன பொடி எங்கன போய்ச் சேரும்? நெஞ்சுக்குள்ள. பாலு எங்கன இருக்கு? அங்கனயேதான். பாலு ஈரமா இல்லையா?”

பால் ஈரம்தான் என்று பானுப்பிரியா ஒத்துக்கொண்டாள்.

“அப்ப அது மருந்துப்பாலு. பிள்ள வயித்துக்குள்ள போச்சுன்னா சூட்டைக் கெளப்பிரும். பீச்சி ஊத்திரு.”

பட்டாசு ஆலை இல்லாத ஊரில் எப்பேர்ப்பட்ட மேதைக்கும் இப்படி ஒரு சிந்தனை தோன்றியிருக்காது. பானுப்பிரியா கொல்லைச் சுவர் ஓரமாகப் போய்ப் பாலைப் பீச்சி ஊற்றினாள். பிள்ளை உள்ளே கத்தக் கத்தப் பால் தானாகவே பெருகி வந்தது. சற்று நேரத்தில் அந்த இடத்தை எறும்பு மொய்த்தது. மறுநாளும் மொய்த்தது. எறும்புகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. அய்யாதுரை அந்தப் பக்கம் போகிற வழக்கமில்லை.

பிள்ளைக்கு மாட்டுப்பால் வந்தது. ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர். சின்ன வெடிக்குக் குறைந்த மருந்து என்பது தொழில் நெறி. ரப்பர் வைத்த பாட்டில் ஒன்றும் வந்தது. பாலம்மாளின் கை எந்நேரமும் பசையாக இருந்ததால், தொட்டிலுக்குள் துண்டை மடித்து முட்டுக்கொடுத்து, பாட்டிலைப் பிள்ளையின் வாயில் சாய்த்து வைக்கும் ஏற்பாட்டையும் அவரே வடிவமைத்துக் கொடுத்தார்.

“ஏன் கொளுந்தனாரே, இது பாலுல தண்ணியா, தண்ணியில பாலா?” என்று பாலம்மாள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“கெட்டிப்பாலு மந்தம் மதினி.”

“மந்தம் பிள்ளைக்கா, உமக்கா?”

பதில் சொல்லத் தகுதியில்லாத கேள்வி என்று அதை அய்யாதுரை ஒதுக்கினார்.

ஆவணியில் ஒரு லீவு நாளில் கிராமத்து நர்ஸ் சுமைரா வந்தாள். பிள்ளையைத் தூளியில் போட்டுத் தராசில் தொங்கவிட்டவள், முள்ளைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

“போன தடவையைவிட எடை குறைஞ்சிருக்கே. என்ன குடுக்கீக?”

“அது உங்க தராசுக் கோளாறு” என்றார் அய்யாதுரை.

சுமைரா பானுப்பிரியாவிடமே பேசினாள். “ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான்க்கா. தண்ணிகூட வேண்டாம். வேலை விட்டு வந்ததும் கை, நெஞ்சு நல்லாக் கழுவி, சேலைய மாத்திட்டுக் குடுங்க, ஒண்ணும் செய்யாது. பகலுக்கு, காலையிலயே சுத்தமான கிண்ணத்துல பீச்சி மூடி வச்சுட்டுப் போங்க. பிள்ளையப் பாத்துக்கிறவங்க மடியில தலையத் தூக்கி வச்சுப் பாலாடைச் சங்குல புகட்டட்டும். இந்தப் பாட்டிலத் தூரப் போடுங்க. படுத்த வாக்குல வாயில சாச்சு வச்சா, புரையேறுனா யாருக்கும் தெரியாது.”

“நர்சம்மா, நீங்க எந்த வெடிக் கம்பெனியில வேலை பாத்திருக்கீக?”

“நான் எங்கண்ணே பாத்தேன்?”

“அதான்” என்றார் அய்யாதுரை.

பானுப்பிரியா நர்ஸைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். ஆறு வருஷப் பழக்கம் ஜெயித்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் கேள்விகள் பெருகின. “ஏங்க, பிள்ள ஏங்க முன்ன மாதிரி கால உதைக்க மாட்டேங்குது?” சுளுக்கு மாதிரி உரம் விழுந்திருக்கிறது என்றார். பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டி உரம் எடுத்தார்கள். “ஏங்க, தொடையில தோலு மடிஞ்சு தொங்குதேங்க?” வளர்கிற பிள்ளை, நீளப் பார்க்கிறது என்றார். கிரைப் வாட்டர் வாங்கி வந்தார். தாயத்து கட்டினார். “ஏங்க, அழவே மாட்டேங்குதேங்க?” அமைதியான பிள்ளை, தன்னைப் போல் என்றார். அவரைப் போல அமைதி என்றதும் அடுப்பங்கரையில் நின்ற பாலம்மாளுக்குச் சிரிப்பு வரவேண்டும்; வரவில்லை. அவள் பிள்ளையின் உச்சிக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே விரல் பதிகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

வேலை இடத்தில் பிள்ளை நினைப்பு வரும்போதெல்லாம் நனைந்துகொண்டிருந்த பானுப்பிரியாவின் ரவிக்கை, ஆவணி முடிவதற்குள் காய்ந்துவிட்டது. பால் நின்றுவிட்டதை அவள் கணவனிடம் சொன்னாள். அது எதிர்பார்த்ததுதான் என்றார்.

புரட்டாசியில் பிள்ளைக்கு வயிற்றால் போனது. பாலை நிறுத்திவிட்டு, வயிறு கழுவட்டும் என்று வெறும் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். பிள்ளை தாகத்தில் அத்தனையும் குடித்தது. ஆர்வமாகக் குடிக்கிறதே என்று அவருக்குத் திருப்தி.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு ஆட்டோ கம்பெனி கேட்டில் வந்து நின்றது. பாலம்மாள் இறங்கவில்லை, உள்ளிருந்தபடியே பானுப்பிரியா பேரைச் சொல்லிக் கத்தினாள். அவள் மடியில் பிள்ளையின் கண் மேலே செருகியிருந்தது. ஒரு கையும் ஒரு காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பானுப்பிரியா பூச்சட்டியைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். பின்னாலேயே அய்யாதுரையும் வந்தார். பாலம்மாள் பிள்ளையைக் கொடுத்துவிட்டு இறங்கி, இருவரையும் ஏற்றிவிட்டாள்.

“டாக்டர்ட்ட மறைக்காமச் சொல்லும், கொளுந்தனாரே” என்று மட்டும் சொன்னாள்.

சிவகாசி ஆஸ்பத்திரி வருகிற வரைக்கும் பானுப்பிரியா கேட்டுக்கொண்டே வந்தாள். என்னங்க இது? சூட்டு வலிப்பு. நின்னுருமாங்க? இப்ப நின்னுரும். ஏங்க கண்ண முளிக்க மாட்டேங்குது? அசதி. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. வலிப்புதான் நிற்கவில்லை. இறங்குகிறபோது அய்யாதுரை அவள் காதருகே சொன்னார்: “டாக்டர்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீ வாயத் தொறக்காத.”

அங்கே ஊசி போட்டதும் வலிப்பு அடங்கியது. டாக்டரம்மா கேட்டார்: “பிள்ளைக்கு என்ன குடுக்கிறீங்க?”

டாக்டரம்மாவின் தலைக்குப் பின்னால் சுவரில், தாய் ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்கும் படம் ஒட்டியிருந்தது. அதன் கீழே பெரிய எழுத்தில் விடை அச்சிட்டிருந்தது. அய்யாதுரை ஒரே பார்வையில் படித்துவிட்டார்.

“தாய்ப்பால்தாம்மா.”

“வேற எதாவது?”

“வேற எதுவும் கெடையாதும்மா.”

“தண்ணி?”

“ஒரு சொட்டுகூடக் கெடையாது.”

வாழ்நாளில் முதல்முறையாக அவர் எல்லாக் கேள்விக்கும் சரியான விடை சொன்னார். பரீட்சையாக இருந்தால் முழு மார்க். பானுப்பிரியா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்த டாக்டரம்மாவின் நெற்றி சுருங்கியிருந்தது. “உடம்புல உப்பு ரொம்ப இறங்கிப்போச்சு. அதான் வலிப்பு. வயித்துப்போக்கு மட்டும்னா இந்த அளவுக்குப் போகாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு இப்படின்னா, உள்ளுக்குள்ள ஏதோ பிறவிக் கோளாறு இருக்கணும். இங்க அதைக் கண்டுபிடிக்க வசதியில்ல. மதுரைக்குத்தான் கொண்டு போகணும். வழியில மறுபடி இழுத்தா என்ன ஆகும்னு எனக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது.” மறுபடி கேட்டார்: “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற எதுவுமே குடுக்கலையா?”

அய்யாதுரை யோசித்தார். மதுரை டாக்டர்கள் பெரிய டாக்டர்கள், கேட்காமலே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒரு பதில் அவருக்குள் தயாராகிக்கொண்டிருந்தது. அது தயாராவதற்குள் கட்டிலில் பிள்ளையின் கை மறுபடி வெட்டியது. உதடு ஓரமாக நுரை தள்ளியது. நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். யாரோ மதுரைக்குப் போக வேனுக்குப் போன் செய்யச் சொன்னார்கள். பானுப்பிரியா எதுவும் கேட்கவில்லை. பிள்ளையின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கைப்பொடி அப்பி, அந்தச் சிறு பாதம் முழுக்க வெள்ளியாகிவிட்டது.

“அம்மா” என்றார் அய்யாதுரை. ஓரடி முன்னால் போய்ச் சொன்னார். “தாய்ப்பால் இல்லம்மா. மாட்டுப்பாலு. ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி. வயித்தால போக ஆரம்பிச்சதுல இருந்து வெறுந்தண்ணிதான், பாட்டில் பாட்டிலா.”

“யார் இப்படிக் குடுக்கச் சொன்னது?”

“நாந்தாம்மா.”

இதைவிடச் சின்னப் பதிலை அவர் யாருக்கும் சொன்னதில்லை. அவரைத் திட்டுவதற்குக்கூட டாக்டரம்மாவுக்கு நேரமில்லை. திரும்பி நர்ஸிடம் வேறு மருந்து, வேறு பாட்டில் என்று சொல்லிக்கொண்டே போனார். வேன் வேண்டாம் என்றார். வெகு நேரத்துக்குப் பின் பிள்ளையின் கை தளர்ந்தது. மூச்சு மட்டும் மேலும் கீழுமாக ஓடியது.

“தாய்க்குப் பால் இருக்கா?”

“நின்னுருச்சும்மா” என்றாள் பானுப்பிரியா. அன்று அவள் டாக்டரிடம் பேசிய முதல் வார்த்தை.

“பிள்ள கண்ணு முழிச்சதும் நெஞ்சுல போடு. சப்பச் சப்ப ஊறும். போய்க் கையையும் நெஞ்சையும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா.”

அவ்வளவுதானா என்பது போல் அய்யாதுரை பார்த்தார். அவ்வளவுதான். பானுப்பிரியா குழாயடிக்குப் போனாள்.

“பிள்ள தப்பிச்சிருமாம்மா?” என்று அவர் கேட்டார்.

“இப்ப எனக்குத் தெரியாதுங்க. பொறுத்துத்தான் பாக்கணும்” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார். இத்தனை படித்தவர் அந்தச் சொல்லைச் சொன்ன பிறகும் ஆஸ்பத்திரிக் கூரை இடிந்து விழவில்லை. அடுத்த கட்டில்காரர்கள் அவரை மரியாதையாகத்தான் வரவேற்றார்கள்.

பானுப்பிரியா வந்தாள். ரவிக்கை ஈரமாக இருந்தது; பால் அல்ல, தண்ணீர். கை இரண்டும் சிவக்கச் சிவக்கத் தேய்த்துக் கழுவியிருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளையின் வாயருகே விரலை வைத்துப் பார்த்தாள். அப்புறம் தலையைத் தூக்கினாள்.

“ஏங்க, பிள்ள பொளச்சுக்கிருமாங்க?”

அய்யாதுரை பிள்ளையைப் பார்த்தார். கையில் ஊசி ஏறிய இடத்தில் கட்டியிருந்த அட்டை, பிள்ளையின் கையைவிட அகலமாக இருந்தது.

“தெரியலத்தா” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.