யானைகள் அஞ்சலி செலுத்த வரவில்லை

ரேணுகாதேவி டீச்சர் காலமான செய்தி வந்தபோது நான் காந்திபுரத்தில் காரமடை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியவன். எங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் பழனிசாமி போனில் அழைத்து, "ஐயா, நம்ம ரேணுகா டீச்சர் தூக்கத்துலயே போயிட்டாங்களாமுங்க" என்றார். டீச்சரின் வீடும் காரமடையில்தான். பட்டுக்கரை வேட்டியோடு அதே பஸ்ஸில் ஏறி, கல்யாணத்துக்குப் பதில் சாவு வீட்டில் போய் நின்றேன். அங்கே நான் அதிகம் பேசவில்லை. அந்த நல்ல புத்தி இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை என்பதை அவரை அறிந்த உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் அவர் உயிரியல், நான் தமிழ். வருடா வருடம் வனத்துறையிடம் அனுமதி வாங்கி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கு முகாம் அழைத்துப் போவார். துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு. அங்கே எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, பவுடர் பூசிய முகங்களைக் கழுவச் சொல்வார். பெண் பிள்ளைகளின் மல்லிகைப்பூவை வாங்கி பஸ்ஸிலேயே வைத்துவிடுவார். முதல் வருடம் நான் ஜவ்வாது பூசிக்கொண்டு போயிருந்தேன். பிள்ளைகளுக்கு முன்னால் என்னையும் குழாயடிக்கு அனுப்பினார். "கோவிச்சுக்காதீங்க தமிழய்யா. அவங்களுக்குக் கண்ணைவிட மூக்குத்தானுங்க பெருசு" என்றார். காட்டு விலங்குகளை 'அவங்க' என்றுதான் எப்போதும் சொல்வார்.

குழாயடியிலிருந்து ஒற்றையடிப் பாதை ஒரு பெரிய புளியமரம் வரை போகும். அனுமதியும் அதுவரைதான். மரத்துக்கு அப்பால் சரிவு இறங்கி ஆற்றில் முடியும். மரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்து, யானை உடம்பைத் தேய்த்த இடத்தில் ஒட்டியிருக்கும் சேற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். லத்தியைக் குச்சியால் கிளறி அது என்ன தின்றது என்று கேட்பார். பிறகு எல்லோரும் வாயை மூடிக் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒருமுறை அந்த அமைதியில் ஆற்றுப் பக்கம் கிளை முறியும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ நாலு எட்டு வைத்தால் பார்த்துவிடலாமே என்று காலெல்லாம் பரபரத்தது. டீச்சர் எழுந்து, "போதும் கண்ணுகளா, திரும்பலாம்" என்றார்.

ஊர் திரும்பும்வரை நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவ்வளவு தூரம் கூட்டிப்போய் யானையைக் காட்டாமல் வந்துவிட்டீர்களே என்று ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஒரு பையனின் அப்பா சண்டைக்கே வந்துவிட்டார். டீச்சர் பதறவில்லை. "யானையைக் காட்டறேன்னு நான் சொல்லவே இல்லைங்களே. யானை இருக்கற எடத்தைக் காட்டறேன்னுதானுங்க சொன்னேன்" என்றார். அந்த அப்பா போனபின் டீச்சர் என்னிடம், கோடையில் யானைகளுக்கு அந்த ஆற்றுத் தண்ணீர் ஒன்றுதான், அதையும் நாம் போய் மறித்துக்கொண்டு நிற்பதா என்று கேட்டார். நியாயம்தான் என்று தலையாட்டினேன். எனக்குத் தலையாட்டுவது எளிது.

டீச்சர் காலமான இரண்டாம் வாரம், பழைய மாணவர்கள் ஒன்றுகூடி, டீச்சருக்குப் பிடித்த பள்ளத்தாக்கிலேயே அஞ்சலிக் கூட்டம் என்று முடிவு செய்தார்கள். தலைமை நான். ஐம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். கூடை நிறைய மல்லிகை, சந்தன மாலை போட்ட படம், கட்டுக்கட்டாக ஊதுபத்தி. அந்தக் குழாயைத் தாண்டித்தான் போனோம். ஒருவரும் நிற்கவில்லை. புளியமரத்தடியில் இடம் போதவில்லை, ஆற்றங்கரையில் வைத்தால் என்ன என்று யாரோ சொன்னார்கள். கூட வந்த வனக்காப்பாளர் தயங்கினார். டீச்சருக்காக ஒரு தடவை என்று அவரைச் சரிக்கட்டியது நான்தான்.

கரையில் ஒரு பாறைமேல் படத்தை வைத்துப் பூத்தூவினோம், ஊதுபத்தி கொளுத்தினோம். பிறகு ஆற்றுக்கு முதுகு காட்டி நின்று நான் பேச ஆரம்பித்தேன். பேச இடம் கிடைத்தால் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். டீச்சர் யானைகள்மேல் வைத்திருந்த அன்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்தவர்களின் கண்கள் விரிவதைப் பார்த்தேன். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். என் பேச்சில் உருகுகிறார்கள் என்று எண்ணிக் குரலை இன்னும் உயர்த்தினேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

முன்வரிசையில் கவிதா இருந்தாள். டீச்சரின் முதல் முகாமுக்கு வந்த பெண், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அருகில் வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஐயா, போதுமுங்க. திரும்பலாமுங்க."

திரும்பிப் பார்த்தேன். அக்கரையில் ஒரு யானைக் கூட்டம் நின்றது. முன்னால் நின்ற பெரியவள் தும்பிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் மோந்தாள். ஒரு குட்டி தண்ணீரைப் பார்த்து இறங்கப் பார்க்க, தாய் காலைக் குறுக்கே வைத்து மறித்தது. எத்தனை நேரமாக நிற்கின்றன என்று கவிதாவைக் கேட்டேன். நான் யானைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்ததிலிருந்தே என்றாள். ஒருவரும் அசையாமல் நிற்க, அவை ஒவ்வொன்றாகத் திரும்பிக் காய்ந்த சரிவில் ஏறிப் போயின. ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கவிதா ஊதுபத்தியை மண்ணில் குத்தி அணைத்துவிட்டு, பூவையெல்லாம் கூடையில் வாரினாள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அன்று யாரோ அந்த யானைகளை எடுத்த படம் இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. டீச்சருக்கு அஞ்சலி செலுத்த யானைகளே வந்தன என்று கீழே எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, வருடா வருடம் அதே கரையில் கூடலாம், ஒரு கல்வெட்டும் வைக்கலாம் என்கிறார்கள். அவரை அறிந்தவர்களே, அவை அஞ்சலி செலுத்த வரவில்லை. தண்ணீர் குடிக்க வந்தன. குடிக்கவிடாமல் மறித்தது நாம். அதிலும் நான், மைக் இல்லாமலே. அவர் உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் நடக்கவிடாத காரியத்தை, அவர் பெயரைச் சொல்லி நடத்தினோம். கல்வெட்டு வேண்டாம். அந்தக் கரைக்கு இனி யாரும் போக வேண்டாம்.

இந்த வருட முகாமுக்கு, டீச்சரின் இடத்திலிருந்து, பள்ளிப் பிள்ளைகளைக் கவிதா கூட்டிப்போகிறாள். துணைக்கு வாருங்கள் என்று என்னையும் கூப்பிட்டிருக்கிறாள். குழாயடியில் முதலில் முகம் கழுவப்போவது நான். டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது ஒரு வாக்கியம்தான். அதை அவர் சொன்னபோதெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. அவரைப் பற்றிச் சொல்ல இன்னும் எவ்வளவோ இருக்கிறது, நாக்கும் துறுதுறுக்கிறது.

போதும். திரும்பலாம்.