மிஸ்டு கால் மரியாதை

என் அக்கா ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகளை நாள் முழுக்க இஸ்திரி போட்டு மடித்து அடுக்குவாள். விடுமுறை நாளிலாவது சும்மா இருப்பாளா என்றால் இல்லை, வீட்டுத் துணியை வாரிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு ஓய்வு என்றால் அலுப்பு.

அவள் செல்போனில் நிம்மதியாகப் பேசி நான் பார்த்ததில்லை. எல்லாம் மிஸ்டு கால்தான். ஒரு முறை மணி அடித்தால் வேலையிலிருந்து கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம், இரண்டு முறை அடித்தால் அடுப்பைப் பற்றவை. கஷ்டப்படுகிறவர் யாராவது கூப்பிட்டால் எடுக்கக் கூடாது, கட் செய்துவிட்டு நம் காசில் திருப்பிக் கூப்பிட வேண்டும். எங்கள் வீட்டு மரியாதை அது. அக்காவுக்கோ உலகத்தில் எல்லாருமே கஷ்டப்படுகிறவர்கள்.

அத்தான் லாரி ஓட்டியவர். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஒரு வருடமாக வீட்டோடு இருக்கிறார். அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்திருந்தோம். தேதி முடிவானதும் அவர்கள் போன் செய்வார்கள், வருகிறோம் என்று நாம் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அத்தான் மறுபடியும் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான்.

அந்த ஆஸ்பத்திரி எண்ணுக்கு வீட்டுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டால் இலவசம், செல்போனிலிருந்து கூப்பிட்டால் காசு. இந்தக் காலத்தில் வீட்டில் தொலைபேசி வைத்திருக்கிறவன் எதற்கு அங்கே வரப்போகிறான்? இதை யோசித்த புண்ணியவான் மட்டும் என் கையில் கிடைக்க வேண்டும்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முகமே சரியில்லை.

“மறுபடியும் காசு போச்சுடி. காத்திருங்கன்னு சொல்லிட்டுப் பாட்டு போட்டுடறாங்க. பாட்டு முடியறதுக்குள்ள பேலன்ஸ் முடிஞ்சிடுது.”

“நீ எதுக்குக் கூப்பிடறே? அவங்கதானே கூப்பிடணும்?”

“கூப்பிட்டாங்களே, நேத்து ரெண்டு தடவை. பாவம், அவங்களுக்கு எதுக்குச் செலவுன்னு கட் பண்ணிட்டு நான் கூப்பிட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அக்கா, உனக்கு என்ன பைத்தியமா? அது ஆஸ்பத்திரி.”

“இருக்கட்டுமே. அங்க உக்காந்து போன் பண்றதும் நம்மள மாதிரி ஒரு பொண்ணுதானே.”

நான் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அக்கா கை முழுக்கச் சோப்பு. “ஏங்க, அதைக் கட் பண்ணுங்க, நான் கூப்பிட்டுக்கறேன்,” என்றாள் பழக்க தோஷத்தில். அத்தான் போனைத் தேடி எடுத்து, எது சிவப்பு எது பச்சை என்று தெரியாமல் திரையில் எங்கேயோ விரலால் இழுத்தார். நான் பாய்ந்து போவதற்குள் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்துவிட்டது.

“கண் பிரிவுலேருந்து பேசறேன். வியாழக்கிழமை ஆபரேஷன். வர்றீங்களா?”

“வர்றேம்மா,” என்றார் அத்தான்.

“ஏன் சார் கட் பண்ணிட்டே இருந்தீங்க? இதையும் எடுக்கலன்னா பேரை அடிச்சிருப்பேன்.”

அக்கா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தான் அழுகை கேட்ட பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

“விடு. நல்லவேளை, எனக்குக் கண்ணு தெரியல,” என்றார்.