டிரை காண்டாக்ட்

1. முதல் நாள் கேட்ட வார்த்தை

விமானப்படை யூனிட்டில் சேர்ந்த அன்று என்னிடம் யாரும் விமானத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "பாண்டிச்சேரியா? அப்ப உனக்கு டிரைன்னா என்னன்னே தெரியாதே!" என்றார் ஒரு வாரண்ட் ஆபீசர். அறையே சிரித்தது. என் ஊர் மணப்பட்டு, பாகூர் பக்கத்து மீன்பிடி கிராமம். வெளியூர்க்காரர்களுக்குப் பாண்டி என்றால் பாட்டில்தான். அது எனக்குப் பழகிவிட்டது.

சாராயம் இல்லாத டிரை இல்லை, அவர் சொன்ன டிரை வேறு. எங்கள் யூனிட்டுக்கு இரண்டு வேலை. ஆட்களையும் சரக்கையும் ஏற்றிப் போவது ஒன்று. பறக்கிற போர் விமானத்துக்குப் பறந்தபடியே எரிபொருள் ஊற்றுவது இன்னொன்று. டேங்கர் விமானத்தின் பின்னால் நீளமாக ஒரு ஹோஸ் போகும். அதன் நுனியில் கூடை மாதிரி ஒரு சாமான், பாஸ்கெட் என்போம். பின்னால் வரும் போர் விமானம் தன் குழாயை அதற்குள் செருக வேண்டும். செருகிவிட்டு ஒரு சொட்டும் வாங்காமல் பழக்கத்துக்காகக் கழன்று போனால் டிரை காண்டாக்ட். எண்ணெய் இறங்கினால் வெட் காண்டாக்ட். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

நான் சரக்குப் பக்கம், லோட்மாஸ்டர். எது எங்கே நிற்க வேண்டும், எந்தச் செயின் எதைப் பிடிக்க வேண்டும் என்று பார்ப்பவன். பாரம் ஓரடி தள்ளி நின்றாலும் விமானம் மூக்கைத் தூக்கும், இல்லையென்றால் கவிழ்க்கும். படகில் வலையை எங்கே போடுவது என்று பார்த்து வளர்ந்தவனுக்கு இது புரியாத பாடம் இல்லை.

2. தண்ணி கேன்

வடக்கே ஒரு நகரத்துக்குள் ஆறு புகுந்துவிட்டது. மொட்டை மாடிகளில் சனங்கள் நின்றார்கள். இழுக்கிற தண்ணீரில் ரப்பர் படகு நிற்கவில்லை என்று ஃபைபர் படகும் ஓட்ட ஆட்களும் கேட்டார்கள். எங்கள் விமானம் நின்ற சென்னைப் பக்கத்துத் தளத்துக்கு லாரிகளில் வந்து இறங்கியவை எங்கள் மணப்பட்டுப் படகுகள். முன்னால் நின்றவர் கலியபெருமாள் மாமா. என் அப்பாவோடு ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்.

"டேய், குமாரு புள்ளடா இவன்! நீதான் எங்கள ஏத்தறவனா? கவுத்துட மாட்டியே?"

"நீ தண்ணியில கவுக்காம இருந்தா சரி மாமா."

படகுகளில் இருந்தவை டீசல் என்ஜின்கள். மூடியில் காற்றுத் துளை வைத்த சின்ன டேங்க். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், டீசல் துளை வழியாக வெளியே வரும். சரக்கு அறை முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் டேங்கும் காலி, கேனும் காலி என்பது எங்கள் கேப்டனின் கட்டளை. சொன்னேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"டேங்க வறட்டினா பைப்புல ஏர் புட்சிக்கும்டா, என்ஜின் கெளம்பாது! அங்க சனம் மாடியில நின்னு கத்திக்கினு இருக்கும், நான் கீழ ஸ்பேனரு புட்சிக்கினு ஏர் எடுத்துக்கினு இருக்கணுமா?"

முணுமுணுத்துக்கொண்டே வடித்தார்கள். எல்லாம் காலி என்றார் மாமா. வேறு ஊர்க்காரன் என்றால் நம்பியிருப்பான். எங்கள் ஊரில் ரிசர்வ் கேன் இல்லாமல் எந்தப் படகும் கரையை விடாது என்பதும், அது அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில், வலைக்கு அடியில்தான் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். வலையைத் தூக்கினேன். வெள்ளைக் கேன், கழுத்து வரை.

"அது தண்ணி கேன்டா."

"தண்ணின்னா ஒரு மடக்கு குட்ச்சி காட்டு மாமா."

கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், ஆனால் கேனின் கைப்பிடியை விடவில்லை. "சரி, வாங்கிக்கோ. அங்க போயி இன்னாத்த ஊத்தறது?"

"அங்க டீசல் இருக்கும் மாமா. நான் பொறுப்பு."

அங்கே யாரையும் கேட்டுவிட்டுச் சொன்னதில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது, டீசல் இல்லாத ஊர் எங்கே இருக்கிறது என்ற நினைப்பு. மாமா கைப்பிடியை விட்டார். ஒவ்வொரு படகிலிருந்தும் கேன்கள் தானாக வெளியே வந்தன; வடித்துவிட்டுக் காலியாகத் திருப்பி வைத்தோம்.

3. பொறுப்புன்னியே

நாங்கள் போய் இறங்கிய ஓடுதளம் மேட்டில் இருந்தது. நகரம் கீழே. வெளியே போகும் சாலை கொஞ்ச தூரத்திலேயே தண்ணீருக்குள் இறங்கியது. பெட்ரோல் பங்கின் கூரை மட்டும் தெரிந்தது. டீசல் லாரி உடைந்த பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டதாம், சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்றார் அங்கிருந்த அதிகாரி. படகுகளைத் தண்ணீர் விளிம்பில் இறக்கி வைத்தோம். நின்ற இடத்திலிருந்து மாடிகளில் சேலைகள் அசைவது தெரிந்தது.

மாமா கத்தவில்லை. பக்கத்தில் வந்து, "பொறுப்புன்னியே தம்பி," என்றார். டேய் போய்த் தம்பி வந்துவிட்டது. திட்டியிருந்தால் தேவலை.

கேப்டனிடம் போனேன். மேடம் கோயம்புத்தூர்க்காரர். "என்னங்க மணி, எறக்கியாச்சுங்களா? கெளம்பலாமா?"

நடந்ததைச் சொல்லிவிட்டு, "நம்ம டேங்க்ல இருந்து கொஞ்சம் எடுக்கலாமா மேடம்?" என்று கேட்டேன்.

"ஜெட்டுக்கு ஊத்தற ஏடிஎஃப்பையா? படகுக்கா?"

"அதுவும் மண்ணெண்ணெய் ஜாதிதான் மேடம். டீசல் என்ஜின் ஓடும். வழவழப்பு கம்மி, ஆயில் கலக்கணும்."

"எத்தன நேரம் தாங்கும்னு உறுதியாச் சொல்லுவீங்களா?"

"சொல்ல முடியாது மேடம். சாயங்காலம் வரைக்கும் தாங்கினா போதும்."

அவர் ஃப்ளைட் இன்ஜினியரோடு கணக்குப் பார்த்தார். ரேடியோவில் தளத்தைக் கேட்டார். ரேடியோவில் பதில் வரும் வரை நான் மாமா இருந்த பக்கம் திரும்பவில்லை.

"திரும்பிப் போக, வேற தளத்துக்குத் திருப்பிவிட்டாலும் போக, அது ரெண்டையும் தொடக் கூடாது. மிச்சத்துல எடுத்துக்கங்க. எடுத்ததுக்கப்பறம் கேஜை நான் ஒருக்கா பாக்கோணும்."

றெக்கைக்கு அடியில் எண்ணெயை வடிக்கிற டிரெய்ன் வால்வு ஒன்று உண்டு. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கத் தினமும் கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் பிடிப்போம். அதில் கேனை வைத்தோம். மாமா விரலை நனைத்து மோந்து பார்த்தார்.

"ரேஷன் மண்ணெண்ணடா இது! இதுக்காடா பிளேன்ல வந்தோம்? சரி, என்ஜின் ஆயிலு குடு."

பாதுகாப்புப் பணியில் இருந்த ஜீப்பிலிருந்து ஆயில் வந்தது. ஊற்றினார்கள். முதல் சுற்றலில் என்ஜின் அசையவில்லை. அவர் சொன்ன மாதிரியே ஏர் பிடித்திருந்தது. ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, நுரை நின்று எண்ணெய் சீராக வரும்வரை பம்ப் அடித்தார். மறுபடி சுற்றினார். வெள்ளைப் புகை, இருமல், அப்புறம் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு மாடிகளிலிருந்து பதில் கூச்சல் வந்தது.

மேடம் படகுகளைப் பார்த்துக்கொண்டே, "ஜெட்டுக்கு ஊத்தற யூனிட்டு! இது வெட் காண்டாக்டுங்களா மணி?" என்றார்.

"வெட்தான் மேடம். காலையில மாமாகிட்ட பொறுப்புன்னு நான் சொன்னதுதான் டிரை."

நாங்கள் கிளம்பும் முன் முதல் படகு திரும்பியது. ஒரு குடும்பம், கூட ஒரு ஆடு. அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தோம். ஆட்டை எந்த எடையில் சேர்ப்பது என்று பயிற்சியில் சொல்லித்தரவில்லை. சின்னப் பிள்ளை கணக்கில் சேர்த்தேன்.

4. தவளக்குப்பத்தில்

லோட்மாஸ்டர் ஆக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சாமானைப் பத்திரமாக இறக்கிவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. இறங்கிய இடத்தில் அது ஓட என்ன வேண்டும், அது அங்கே இருக்கிறதா என்பதை ஏற்றும் முன்பே ரேடியோவில் கேட்டுவிட வேண்டும். இப்போது ஜெனரேட்டர் ஏற்றினாலும் கேட்கிறேன், கூடாரம் ஏற்றினாலும் ஆணி இருக்கிறதா என்று கேட்கிறேன். ஜூனியர்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

போன விடுமுறையில் தவளக்குப்பம் ஜங்ஷனில் மாமாவைப் பார்த்தேன். டிரை, வெட் கதையை அன்றே அவருக்குச் சொல்லியிருந்தேன். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். அழைப்பிதழைக் கையில் கொடுத்தார்.

"வந்துடறேன் மாமா," என்றேன்.

"இது வெட்டாடா, டிரையாடா?"

"லீவு சாங்ஷன் ஆயிடுச்சி மாமா. கேட்டுட்டுதான் சொல்றேன்."

"அப்பன்னா பந்தியில எல போட்டுடலாம்," என்று சொல்லிவிட்டுக் கடலூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.