நாட்டார் வராத அன்று

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் புளி உலுக்கி முடித்திருந்த சமயம் அது. எங்கள் ஊரில் ஒரு வீட்டுப் புளிகூட மலையிறங்கவில்லை. அதற்குக் காரணம் என் வாய்தான்.

வடக்கே விவசாயிகள் விளைபொருளுக்குச் சட்டப்படி விலை கேட்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் அடிவாரத்துச் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. நம் புளிக்கும் சாமைக்கும் எம்.பி. டெல்லியில் பேசும்வரை புளியை விற்பதில்லை என்று நான்தான் வீடு வீடாகப் போய்ச் சம்மதிக்க வைத்தேன். கோடை மழை பிடித்துக்கொண்டால் மூட்டையில் இருக்கிற புளி கறுத்துவிடும். கறுத்ததை எவனும் வாங்கமாட்டான். ஊரின் ஒரு வருஷப் பாடு என் தலைமேல் நின்றது. ஆனாலும் நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜீப் ஓட்டுகிற என் கொழுந்தன் மட்டும் விடாமல் கிண்டலடித்தான்.

"இன்னாங்க அண்ணி, டெல்லிக்காரங்க நம்ம புளிய நம்பியா ரசம் வைக்கறாங்க?"

"வைக்க வேணாம். நம்மகிட்ட ஓட்டு கேக்கறாங்க இல்ல, அது போதும். நீ ஜீப்ப ஒழுங்கா ஓட்டு."

காவலூரில் நிழற்குடை திறக்க எம்.பி. வருவதாகத் தெரிந்ததும், காலையிலேயே போய் ரோட்டோரம் உட்கார்ந்துகொண்டோம். கோரிக்கைத் தாள் என் மடியில். கோஷமெல்லாம் இரண்டு நாள் பழகி வைத்திருந்தோம். எங்கள் ஊர்த் தலைவரை நாட்டார் என்போம். எங்களுக்குப் பின்னால் அவரைக் கொழுந்தன் ஜீப்பில் கூட்டிவருவதாக ஏற்பாடு.

எம்.பி.யின் கார் வந்தது. ஜீப் வரவில்லை.

ஊர் கூடிய இடத்தில் நாட்டார் முதலில் பேசாமல் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அவர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று யாருமே யோசிக்கவில்லை, நான் உட்பட. எம்.பி. இறங்கிச் சிரித்தார்.

"என்னம்மா பிரச்சனை?"

ஒரு சத்தமில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாழாய்ப்போன ஜீப்!

"கோபமா இருக்கீங்களா?" என்று மறுபடி கேட்டார். நாங்கள் எல்லோரும் ஜீப் வரவேண்டிய வளைவையே பார்த்துக்கொண்டிருந்தோம். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் சுற்றிலும் நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எனக்கு எதிரே ரோட்டிலேயே உட்கார்ந்து, தாளை வாங்கிக் கடைசிவரை படித்தார். "பேசறேம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர் கார் மறைந்த பிறகு ஜீப் வந்தது. பஞ்சராம். நாட்டார் இறங்கித் தொண்டையைச் செருமி, "ம், இப்ப பேசுங்க" என்றார்.

அதற்குப் பிறகு மேகம் கூடிய ஒவ்வொரு சாயங்காலமும் வீடு வீடாகப் போய்ப் புளி மூட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். பத்தாம் நாள் கொழுந்தன் ஓடிவந்து செல்போனை நீட்டினான். நாடாளுமன்றத்தில் எம்.பி. பேசிக்கொண்டிருந்தார். "என் மலைமக்கள் கோஷம் போடவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோபத்துக்கு இந்த அரசு என்ன பதில் சொல்லப் போகிறது?"

"அண்ணி, என் பஞ்சரு டெல்லி வரைக்கும் போய்டுச்சு" என்றான் கொழுந்தன்.

மறுநாளே மூட்டைகளை விற்க மலையிறக்கினோம். புளி சிவப்பாகத்தான் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. சட்டம் இன்னும் வரவில்லை. வரும், வாங்காமல் விடமாட்டோம். அடுத்த வாரமே எம்.பி.க்கு எதிர்க்கட்சிக்காரர்கள், தேர்தலே இல்லாத காலத்தில், எங்கள் ஊரைத் தேடி மேலே ஏறி வந்தார்கள். இந்த முறை நாட்டாரை முன்கூட்டியே கூட்டிவந்து நடுவில் உட்கார வைத்திருந்தோம். உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்.

நாட்டார் வாயைத் திறக்கவே இல்லை.