மலர்விழி கழற்றிய வயர்

சூரமங்கலத்தில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மலர்விழிக்கு ஒரு சின்னக் கடை. மைக்செட் போடுகிறவர்கள் புகைந்துபோன ஆம்ப்ளிஃபையர்களை அவளிடம்தான் கொண்டுவருவார்கள். அவளுடைய தங்கை அன்புச்செல்வி மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவள். கல்யாண வரவேற்புகளில் அவளோடு செல்ஃபி எடுக்க ஒரு கூட்டம் நிற்கும்.

வீட்டில் அப்பா வாங்கித் தந்தது ஒரே ஒரு கிட்டார். முதலில் அதைப் பழகியவள் மலர்விழி. அவள் ஐ.டி.ஐ. படிக்க விடுதிக்குப் போனபோது கிட்டார் தங்கையிடம் தங்கிவிட்டது. யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. குறைசொல்ல ஆள் இல்லாததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

போன வருஷம் அன்புச்செல்வி ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தாள். ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்ததாம். அறுபதுகளில் செய்தது. மேல்துணி கிழிந்திருந்தது, உள்ளே கரப்பான் முட்டைகள்.

"அக்கா, இதுக்கு உசிரு குடுத்துரு. இந்த மாதிரி சத்தம் எந்தப் புதுப்பெட்டியிலயும் வராது."

"வெச்சுட்டுப் போ, பாக்கறேன்" என்றாள் மலர்விழி.

உப்பியிருந்த கண்டென்சர்களை மாற்றினாள். துரு ஏறிய வால்வு சாக்கெட்டுகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தாள். கிழிந்த ஸ்பீக்கர் தாளை ஒட்டினாள். மின்சாரம் கொடுத்ததும் கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்து, பெட்டி லேசாக உறுமியது. சோதித்துப் பார்க்க ரிப்பேருக்கு வந்திருந்த யாருடையதோ கிட்டாரை மாட்டினாள். ஒரு கம்பியைத் தட்டினாள். சோதனைக்கு அது போதும். ஆனால் கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டை மறந்து வாசித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாளும் வாசித்தாள். தங்கை கேட்கும்போதெல்லாம் "வால்வு கிடைக்கலை" என்று சொல்லி நாளைக் கடத்தினாள். அந்தப் பெட்டி மேடைக்குப் போய்விடும், கைதட்டலெல்லாம் தங்கைக்குச் சேரும் என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

ஒருநாள் அவள் உள்ளே ஒரு வயரைக் கழற்றிவிட்டாள். ஸ்பீக்கர் பக்கமிருந்து திரும்பி வந்து, சத்தம் கரகரக்காமல் அடக்கி வைக்கிற வயர் அது. அதை எடுத்துவிட்டால் பெட்டி கொஞ்சம் அழுத்தி வாசித்தாலே சீறும். மலர்விழிக்கு அந்தச் சீற்றம் பிடிக்கும். இழைய இழைய வாசிக்கிற தங்கைக்கு ஆகாது. இது தெரிந்தேதான் செய்தாள். அப்புறம் ஒரு கச்சேரி நாளன்றுதான் ஆளனுப்பிப் பெட்டியைக் கொடுத்தாள்.

அன்று மோகனூரில் ஒரு வரவேற்பு. மலர்விழியும் போயிருந்தாள். முதல் பாட்டிலேயே பெட்டி சீறியது. பாடகி திரும்பிப் பார்த்தாள். அன்புச்செல்வியின் முகம் வெளுத்தது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மலர்விழிக்கு வெகுநாளைக்குப் பிறகு வயிறு குளிர்ந்தது.

அன்புச்செல்வி கிட்டாரில் இருந்த வால்யூம் திருகைக் குறைத்தாள். விரல் நுனியால் மெதுவாகத் தொட்டாள். சீற்றம் அடங்கி, அழுகிற குரல்போல ஒரு ஓசை வந்தது. பந்திக்கு எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இவ்வளவு நன்றாக அவள் வாசித்து மலர்விழி கேட்டதே இல்லை. பக்கத்து நாற்காலிப் பெரியவர், "அந்தப் புள்ள கையில என்னமோ இருக்குதுங்க" என்றார். மலர்விழி சாப்பிடாமல் பஸ் ஏறினாள்.

அடுத்த நாள் தங்கை கடைக்கு வந்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"வேணும்னுதானே பண்ணுன?"

மலர்விழி சால்டரிங் இரும்பைப் பார்த்துக்கொண்டே, "ஆமா" என்றாள். "கொண்டா, பழையபடி மாட்டித் தர்றேன்."

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது மலர்விழிக்கு. சால்டரிங் இரும்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "கச்சேரி இல்லாத நாள்ல பெட்டி இங்க இருக்கட்டுமா?"

"அது மட்டும் முடியாதுக்கா."

"ஏன்?"

"நீ வால்வு கிடைக்கலைன்னு சொன்னப்ப ஒருநாள் இங்க வந்தேன். கதவு பாதி இறங்கிக் கெடந்துது. நீ வாசிச்சதை வெளிய நின்னு கேட்டேன். உள்ள வராமயே போயிட்டேன். ஊட்டுக்குப் போயி சோறு எறங்கலை." அவள் எழுந்து துப்பட்டாவை உதறினாள். "நீ வாசிக்க ஆரம்பிச்சா என்னைய யாரு கூப்பிடுவாங்க?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது மூடிப்போன ஒரு டூரிங் டாக்கீஸின் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று அவள் மேசைமேல் பிரிந்து கிடக்கிறது. அதைக் கிட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருக்கிறாள். தவணையில் ஒரு கிட்டாரும் வாங்கியிருக்கிறாள். அன்புச்செல்வி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறாள்.

"எப்பக்கா முடியும்?"

சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்கிறாள். அந்தக் குரல் எதனால் கொஞ்சம் இறுகியிருக்கிறது என்று மலர்விழிக்குத் தெரியும். மற்ற யார் குரலும் அவளுக்கு இவ்வளவு இனித்ததில்லை.

"இன்னும் நாளாகும்" என்கிறாள், பெட்டியிலிருந்து பார்வையை எடுக்காமல்.