அண்ணாவோடு பத்து ரயில் பயணங்கள்

இந்த ஜூனில் ரொறொன்ரோவுக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல, அங்கேயே குடிபோகலாமா என்று பார்க்க. யேர்மனியில் ஒரு சின்ன ஊரில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை, வருடத்துக்கு முப்பது நாள் லீவு, வேலைக்கு நடந்து பன்னிரண்டு நிமிடம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பின்னேரத்தில் தமிழில் நாலு வார்த்தை கதைக்க ஆளில்லை. ரொறொன்ரோப் பக்கம் அண்ணா இருக்கிறார். அந்த ஏக்கம்தான் டிக்கெட் எடுக்க வைத்தது.

பிராங்க்பேர்ட்டிலிருந்து எட்டரை மணி நேரம். ரொறொன்ரோ விமான நிலையத்திலிருந்து அண்ணா வீடு இருக்கும் விட்பிக்கு எழுபத்தைந்து கிலோமீற்றர். அண்ணி வேலையிலிருந்து நேரே வந்து ஏற்றிக்கொண்டு போனார். நாலு அறை வீடு, பின்னால் புல்வெளி. என் முழு வீடும் அவர்களின் வரவேற்பறைக்குள் அடங்கிவிடும். வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன்.

என் மடத்தனம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. நான் இரண்டு கிழமை லீவு எடுத்தால் அண்ணாவும் எடுத்திருப்பார் என்று, கேட்காமலே நினைத்துவிட்டேன். ஐரோப்பாக்காரரின் நினைப்பு. அவருக்கு வருடம் முழுவதற்குமே பத்து நாள்தான். அதையும் அண்ணியின் ஆபரேஷனுக்கு எடுத்து முடித்துவிட்டார். காலை 5.40க்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்பிவர இரவு ஏழு மணி. சாப்பிட்டவுடன் கண் சொருகிவிடும். சனிக்கிழமையும் வேலை. முதல் கிழமை அந்தப் பெரிய வீட்டில் தனியே இருந்து, யேர்மனியில் செய்வதையே செய்தேன்: ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் கிழமை, அண்ணா வேலைக்குப் போகும் ரயிலில் கூடவே போனால் என்ன என்று தோன்றியது. நகர மத்திக்கு ஒரு மணி நேரம், போகவர இருபது டாலருக்குச் சற்று மேல். திங்கள் காலை 6.05க்கு வந்த இரண்டு தட்டு ரயிலில் அண்ணாவுக்குப் பின்னால் மேல்தட்டுக்கு ஏறி, உட்கார்ந்ததும் கதைக்கத் தொடங்கினேன். எதிரில் இருந்த பெண் ஓர் அறிவிப்பைச் சுட்டிக் காட்டினார். வேலைக்குப் போய்வரும் நேரங்களில் மேல்தட்டில் சத்தம் கூடாதாம். அண்ணா அதற்குள் நித்திரை.

பகலில் பஸ் பிடித்து, தமிழ்க் கடைகள் இருக்கும் வெக்ஸ்போர்ட் பக்கம் போனேன். ஒரு தமிழ்க் கடையில் ரோல்ஸ் வாங்கப் போய், முன்பின் தெரியாத ஓர் அன்ரியோடு அரைமணி நேரம் மழையைப் பற்றிக் கதைத்தேன். அந்தச் சுகத்துக்காகவே இங்கு வந்துவிடலாம் போலிருந்தது. பின்னேரம் மறுபடி மேல்தட்டு, மறுபடி நித்திரை. ஒன்பது பயணம் இப்படியே போயிற்று. அவர் பக்கத்தில் சும்மா இருந்ததும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

வெள்ளி பின்னேரம் அண்ணா படியேறவில்லை. "இண்டைக்குக் கீழ இருப்பம். இஞ்ச கதைக்கலாம்" என்றார்.

இங்கேயே வந்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"எனக்கு விருப்பம்தான். ஆனால் நீ இஞ்ச வந்தால் உனக்கும் லீவு இராது. அங்க இருந்தால் வருசத்தில ரெண்டு கிழமையெண்டாலும் என்னோட இருப்பாய்."

எனக்கு அழுகை வந்தது. அவர் சொன்னதில் பிழையில்லை, அதனால்தான் வந்தது. விட்பி வரும்வரை அவர் நித்திரை கொள்ளவில்லை.

சொந்தங்களைப் பார்க்க ரொறொன்ரோ போகிறவர்களுக்கு: ஜூன் நல்ல மாதம், ஆனால் விமானச் சீட்டின் விலையைப் பார்க்குமுன் அவர்களுக்கு எப்போது லீவு என்று கேளுங்கள். எந்த நாட்டில் வாழ்க்கை நல்லது என்று என்னைக் கேட்டால், என் லீவும் அண்ணாவின் ஊரும் ஒன்றாய்க் கிடைக்கிற நாடு என்பேன். அப்படி ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. குடிபோகிற நினைப்பை விட்டுவிட்டு, யேர்மனிக்குத் திரும்பிவந்த மறுநாளே அடுத்த ஜூனுக்கு இரண்டு கிழமை லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருடமும் அண்ணாவுக்கு இருப்பது பத்தே நாள். அதில் ஐந்தை எனக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டதாக நேற்று ஃபோனில் சொன்னார்.